ஒரு கைக்கு ஐந்து மார்க்

அன்றைக்கு ஹாலில் இருந்தவர்கள்.

மாமனார். ஜன்னலோரம் இரும்புக் கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து.

என் வீட்டுக்காரர். கட்டிலின் கால்மாட்டில், தரையில்.

அவருடைய அண்ணன். நாற்காலியில். வாலாஜாபாத்திலிருந்து காரில் வந்திருந்தார்.

அண்ணன் மனைவி. இன்னொரு நாற்காலியில். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அவர்கள் மகள். காலேஜ் போகிற பெண். சுவரில் சாய்ந்து, கையில் போன்.

நான். சமையலறை வாசலில், கையில் கரண்டி.

டிவி அணைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்திருந்தது. கோழிக் குழம்பு. அண்ணன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். வந்த காரியத்தைச் சொன்னார். சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

"ஒண்ணு நீ வேலைய வுட்டுட்டு நைனாவப் பாத்துக்க. இல்லாங்காட்டி நான் இட்டுனு பூட்றேன். வண்டி கீழ நிக்குது. ரெண்டுல ஒண்ணு இப்பவே சொல்லும்மா."

என்னைப் பார்த்துச் சொன்னார். தம்பியைப் பார்த்துச் சொல்லவில்லை. தம்பிக்கும் வேலை இருக்கிறது. அதை விடச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். காருக்குள் ஓடுகிற ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற லைன். எட்டாவது வரை படித்தேன். காண்ட்ராக்டில் சேர்ந்து, பல வருஷம் அப்படியே இருந்து, போன வருஷம்தான் பர்மனென்ட் ஆனேன். வீட்டுக்காரர் வேறு கம்பெனி. இரண்டு பேரும் எதிரெதிர் ஷிப்ட். கேட்டு வாங்கிக்கொண்டோம். ஒருவர் காலை என்றால் மற்றவர் மாலை. அடுத்த வாரம் மாறும். அப்படியானால்தான் மாமனார் பக்கத்தில் யாராவது ஒருவர் இருக்க முடியும். நடுவில் மதியம் கொஞ்ச நேரம் இடைவெளி விழும். அவர் பஸ் ஏறிப் போயிருப்பார், என் பஸ் வந்திருக்காது. அப்போது பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துக்கொள்வார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மாமனாருக்கு வலது பக்கம் விழுந்து நான்கு வருஷம் ஆகிறது. வலது கை, வலது கால், பேச்சு. மூன்றும் ஒரே காலையில் போயின. இடது கை தங்கியது. புத்தியும் தங்கியது. நாம் பேசுவது எல்லாம் புரியும். பதில்தான் வராது.

முதலில் தமிழ்ப் படம்தான் போட்டோம். அழுதார். சோகப் படத்துக்கு மட்டும் இல்லை, காமெடிக்கும் அழுதார். எங்களுக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. டிவியில் ஒருவன் கேள்வி கேட்பான். இவருக்கு பதில் வாய் வரைக்கும் வரும். அங்கே நின்றுவிடும். ஒரு படம் முழுக்க அப்படி நின்றால் யாருக்கும் அழுகை வரும். செய்தி போட்டால் கோபம் வரும். பாட்டு போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மாடி வீட்டில் ஒரு இன்ஜினியர் தனியாகக் குடியிருந்தார். வேலை மாறி வேறு ஊருக்குப் போகும்போது பெரிய டிவியையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். டிஸ்க் நிறைய இங்கிலீஷ் படம். எல்லாம் பழையது. பாதிக்கு மேல் கருப்பு வெள்ளை. எல்லா ஆணும் தொப்பி போட்டிருப்பான். வீட்டுக்குள் வந்ததும் தொப்பியைக் கழற்றுவான். எல்லா வீட்டிலும் மாடிப்படி இருக்கும். பெண்கள் படியில் ஏறும்போது பாதியில் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அழிக்கத்தான் பார்த்தோம். எப்படி அழிப்பது என்று தெரியாமல் ஒரு படம் ஓடிவிட்டது. மாமனார் அழவில்லை. கண் எடுக்காமல் பார்த்தார். அந்தப் படத்தில் பேசுவது அவருக்கும் புரியாது. எங்களுக்கும் புரியாது. அந்த வகையில் வீட்டில் மூன்று பேரும் ஒன்றுதான்.

அன்றிலிருந்து அந்தப் படங்கள்தான்.

மார்க் போடுவது பயிற்சிக்காக வந்தது. இடது கை விரல்களை மடக்கி நீட்டச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சும்மா மடக்கு நீட்டு என்றால் செய்ய மாட்டார். ஒருநாள் படம் முடிந்ததும் வீட்டுக்காரர் கேட்டார், "படம் எத்தினி மார்க் நைனா?" மாமனார் கொஞ்ச நேரம் யோசித்து இரண்டு விரலை நீட்டினார். சரியாகத்தான் போட்டார். அது உதவாத படம். ஒரு கைக்கு ஐந்து விரல். அதனால் எங்கள் வீட்டில் ஐந்துக்குத்தான் மார்க். நாங்களும் ஒரு கையால்தான் போடுவோம். மூடிய கை என்றால் பூஜ்யம்.

படத்தை நாங்கள் பார்க்கிற விதம் கொஞ்சம் வேறு. மாலை ஷிப்டில் இருப்பவர் காலையில் மாமனாரோடு முதல் பாதியைப் பார்ப்பார். குளித்துக் கிளம்பும்போது நிறுத்திவிட்டுப் போவார். காலை ஷிப்ட் முடிந்து வருகிறவர் அங்கிருந்து மிச்சத்தைப் பார்ப்பார். ஒரு வாரம் எனக்குத் தொடக்கம், அடுத்த வாரம் எனக்கு முடிவு. முழுப் படம் பார்ப்பவர் மாமனார் ஒருவர்தான். அவரால் சொல்ல முடியாது.

வார நாளில் நாங்கள் பேசிக்கொள்ள நேரம் இல்லை. ஒருவர் வரும்போது மற்றவர் தூக்கத்தில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு அவரவர் பாதியைச் சொல்லுவோம். தப்பாகச் சொன்னால் மாமனார் மோதிர விரலால் கட்டில் பைப்பில் தட்டுவார். எது தப்பு என்று காட்ட வழியில்லை. நாங்கள்தான் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். ஒருமுறை கருப்பு கோட்டுக்காரனை வக்கீல் என்றேன். தட்டினார். பாதிரியார் என்றேன். தட்டினார். டாக்டர், போலீஸ், எல்லாவற்றுக்கும் தட்டினார். கடைசியில் வீட்டுக்காரர், "பொணப் பொட்டி செய்றவனா நைனா?" என்றார். தட்டு நின்றது. அப்புறம் யோசித்தால் கதை முழுக்க சரியாக உட்கார்ந்தது.

லைனில் எனக்கு அரைப்படம் என்று பேர். வாய் தவறி ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டேன், பஸ் முழுக்கப் பரவிவிட்டது. "இன்னா அரப்படம், நேத்து எங்க நிறுத்துன?" என்பார்கள். நான், "நீ முழுசாப் பாத்து இன்னா கிழிச்ச?" என்பேன். சூப்பர்வைசர்கூட சிரிப்பார். சிரிக்கட்டும். லீவு நாளில் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. ஒரு தடவை பார்த்தோம். முடிந்ததும் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். சொல்ல ஒன்றும் இல்லை. மறுபடி அப்படிப் பார்க்கவில்லை.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் அவர் சொல்லாமல் வந்தார். மதிய இடைவெளி நேரம். பக்கத்து வீட்டு அம்மா கேஸ் சிலிண்டர் எடுக்கக் கீழே போயிருந்தார். கதவு சாத்தி இருந்தது, பூட்டவில்லை. உள்ளே மாமனார் தனியாக. அன்று வீட்டுக்காரர் அவசரத்தில் படத்தை நிறுத்தாமல் போய்விட்டார். டிவியில் ஒரு ஆணும் பெண்ணும் வாயோடு வாய் வைத்து நின்றிருந்தார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் காஞ்சிபுரம் வரைக்கும் சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போய்விட்டது. நைனாவை ஹாலில் போட்டுவிட்டு, இங்கிலீஷ் படத்தை ஓட விட்டுவிட்டு, புருஷனும் பொண்டாட்டியும் வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்று.

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அண்ணன் கெட்டவர் இல்லை. மாத்திரை அவர்தான் வாங்கித் தருகிறார். அவர் வீடு தரைத் தளம். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறார். அக்கா வேலைக்குப் போகவில்லை, வீட்டோடுதான் இருக்கிறார். இதையெல்லாம் அன்று அவர் எடுத்துச் சொன்னார். எல்லாம் நியாயம்தான்.

நான் சொன்னேன், வேலையை விட மாட்டேன், மாமாவையும் அனுப்ப மாட்டேன்.

"அப்ப மூணாவதா ஒண்ணு நீயே வெச்சிகினியா?" என்றார்.

"ஆமா."

வீட்டுக்காரர் எழுந்து போகவில்லை. தரையில் உட்கார்ந்தபடி அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி காலைப் பார்த்தார்.

கட்டில் பைப்பில் தட்டு விழுந்தது. ஒன்று. இரண்டு. மாமனார் அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டாயிற்று, இன்னும் யாரும் படம் சொல்லவில்லை.

நான் கரண்டியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். "மொதல்ல இந்த வாரப் படத்த முடிச்சிர்றோம். அப்புறம் பேசலாம்," என்றேன்.

அக்கா முகவாயில் கை வைத்துக்கொண்டார். "இங்கிலீஷ் படத்துக்கு மார்க் போட்றாங்களாம். படிச்சது எட்டாவது."

"மார்க் போட எட்டாவது போதும்கா."

வீட்டுக்காரர் தொடங்கினார். அந்த வாரம் முதல் பாதி அவருடையது. ஊமை மாதிரி இருப்பவர், படம் சொல்லும்போது மட்டும் பேசுவார். எப்போதும் மழை பெய்கிற ஒரு ஊர். வெள்ளை மீசை வைத்த பெரிய உடம்புக்காரர் ஒருவர் அரிசி பருப்புக் கடை மாதிரி ஒன்று வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு மகள். டெலிபோன் ஆபீசில் வேலை. அப்பாவுக்கு அவள் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. தினமும் வாசலில் நின்று கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பார். ஒருநாள் வெளியூர்க்காரன் ஒருவன் நனைந்துகொண்டு போன் பேச வருகிறான். இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். "அங்க நிறுத்திட்டு பஸ்ஸுக்குப் பூட்டேன்," என்றார்.

தட்டு விழவில்லை.

மிச்சத்தை நான் சொன்னேன். வெளியூர்க்காரன் இரண்டு ரயில் டிக்கெட் வாங்கி வருகிறான். அவள் பெட்டி கட்டுகிறாள். விரலில் இருக்கிற மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைக்கிறாள். அது செத்துப்போன அம்மாவின் மோதிரம். அப்பா வந்து மோதிரத்தைப் பார்க்கிறார். கத்தவில்லை. கடைக் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ரயில் வருகிறது. அவன் ஏறுகிறான். இவள் ஏறவில்லை. நேராக டெலிபோன் ஆபீசுக்குப் போகிறாள். காதில் பேச்சு கேட்கிற அந்த வளையத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஒயரை எடுத்துச் சரியான ஓட்டையில் குத்துகிறாள். அதோடு படம் முடிந்தது. வீட்டுக்குப் போனாளா என்று காட்டவில்லை.

ஒயரை அவள் பார்க்காமலே குத்துவாள். அது எனக்குப் பிடித்திருந்தது. லைனில் நாங்களும் அப்படித்தான்.

தட்டு விழவில்லை.

அண்ணன் மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து டிவியைப் போட்டு, படத்தின் பேரைப் பார்த்து, போனில் அடித்தாள். படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சித்தி, அது அவ அப்பா இல்ல."

"அப்ப யாரு?"

"புருஷன்."

வீட்டுக்காரர், "அந்த மீசைக்கா?" என்றார்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. "அப்பனாம், மகளாம். அம்மா மோதிரமாம். கல்யாண மோதிரத்தப் போய்." எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். நேரம் சரியில்லை.

அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. "பாத்தியா," என்றார். "இன்னா படம்னே உங்களுக்குத் தெரியாது. யாரு அப்பன், யாரு புருஷன்னு தெரியாது. அதப் போட்டு நைனாவ பொம்ம மாரி உக்கார வெச்சிகினு கீறீங்க. இதுக்குப் பேரு பாத்துக்கறதா?"

தட்டு விழுந்தது.

எல்லோரும் கட்டிலைப் பார்த்தோம். மாமனார் அண்ணனைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தாத்தா?"

தட்டினார்.

"புருஷன் தாத்தா. போன்ல போட்டுகீது."

தட்டினார்.

அவள் போனை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. இன்னொரு தட்டு, பலமாக. பைப் அதிர்ந்தது. அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"எங்க வூட்ல அது அப்பாதான்," என்றேன். முழுப் படத்தையும் பார்த்தவர் அவர். எங்களைவிட இரண்டு மடங்கு பார்த்தவர். போனில் எழுதியவன் எப்படிப் பார்த்தானோ, எனக்குத் தெரியாது.

அண்ணன் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தணித்தார். நைனா, நம்ம வூட்டுக்குப் போலாமா, வாலாஜாபாத்துக்கு, என்று கேட்டார். அதுவரைக்கும் அவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை. அனுப்ப மாட்டேன் என்றுதான் சொன்னேன்.

மாமனார் இடது கையைத் தூக்கினார். விரல்களை மடக்கினார். கட்டை விரலையும் உள்ளே வைத்து மூடினார்.

அண்ணன் அதைப் பிடித்துத் தடவினார். "கை இழுத்துக்கிச்சு போல."

"இழுத்துக்கல," என்றார் வீட்டுக்காரர். காரியம் பேச ஆரம்பித்ததிலிருந்து அண்ணனிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது. "அது மார்க்குண்ணா. பூஜ்யம்."

அண்ணன் நம்பவில்லை. முடியாத உடம்பு, கை தானாக மூடிக்கொண்டது என்றார். அப்படியானால் வேறு ஏதாவது கேட்டுப் பாருங்கள் என்றேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கேட்க வேறொன்றும் தோன்றாமல் அவரே கேட்டார்.

"இன்னிக்கு கோழிக் கொழம்பு எத்தினி நைனா?"

மூடிய கை திறந்தது. மூன்று விரல் நீண்டது.

உப்பு கொஞ்சம் தூக்கல்தான். எனக்கே தெரியும்.

அண்ணன் என்னைப் பார்த்தார். திரும்பி அப்பாவைப் பார்த்தார். "சரி. இவ உன்னப் பாத்துக்கறது?"

கேட்க வேண்டிய கேள்விதான். நான் அவரைக் குளிப்பாட்டுகிறேன், சோறு ஊட்டுகிறேன், துணி மாற்றுகிறேன். சில நாள் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து ஊட்டும்போது அவர் முழுங்குவதற்குள் அடுத்த வாய் நீட்டியிருக்கிறேன். சில நாள் ஓவர்டைம் என்றால் பக்கத்து வீட்டு அம்மா தலையில் கட்டியிருக்கிறேன். அவருக்கு எல்லாம் தெரியும். வாய்தான் இல்லை.

மாமனார் என்னைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார், படம் முடிந்ததும் டிவியைப் பார்க்கிற மாதிரி.

மூன்று விரல்.

அக்கா மறுபடி சிரித்தார். "கோழிக்கும் மூணு, உனக்கும் மூணு."

"மூணுன்னா பாஸ்கா," என்றேன். நாலு போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ஐந்து போட்டிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

அண்ணன் இன்னொரு தடவை கேட்டார். அதே கேள்வி. வாலாஜாபாத். ஒருவேளை அவருக்கே உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. கை மூடியது. இந்த முறை மாமனார் மூடிய கையை அப்படியே மகனின் முட்டியின் மேல் வைத்தார். அடிக்கவில்லை, வைத்தார். அண்ணன் அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்தார். மதிய நேரத்தில் கதவைத் திறந்து போடக் கூடாது என்றார். பக்கத்து வீட்டு அம்மா வெளியே போவதானால் தனக்கு ஒரு போன் போட வேண்டும் என்றார். இரண்டுக்கும் சரி என்றேன். வேலையைப் பற்றி அவர் மறுபடி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"அந்த முத்தம் குடுக்கறதெல்லாம் வேணாம்," என்றார் கடைசியாக.

"அது எப்ப வரும்னு முன்னாடி தெரியாது," என்றேன்.

தெரிந்தாலும் நிறுத்த மாட்டேன். மாமனாருக்கு எழுபது வயது. பார்க்கட்டும்.

அவர்கள் செருப்பு மாட்டும்போது கட்டிலில் தட்டு விழுந்தது. மார்க் இன்னும் போடவில்லை. அந்தப் பெண் ஒரு செருப்போடு திரும்பி உள்ளே வந்தாள். "நானும் போடலாமா சித்தி?"

அவள் அம்மா வெளியே இருந்து கூப்பிட்டார். அவள் போகவில்லை.

"நீ பாக்கவே இல்லியே," என்றார் வீட்டுக்காரர்.

"நீங்களும் பாதிதான சித்தப்பா பாத்தீங்க."

போடச் சொன்னோம். நான்கு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினோம். மாமனார் நாலு. வீட்டுக்காரர் மூன்று. மழை அதிகம் என்றார். நான் ஐந்து. அந்தப் பெண் இரண்டு. ஏன் இரண்டு என்று கேட்டேன்.

"கத நல்லாகீது சித்தி. ஆனா படத்துல அது இல்ல."

அவள் ஓடிப் போய் காரில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் எனக்கு மாலை ஷிப்ட். காலையில் மாமனாரோடு உட்கார்ந்து புதுப் படம் ஒன்றின் முதல் பாதியைப் பார்த்தேன். ஒருத்தி படியில் ஏறிப் பாதியில் நின்று திரும்பினாள். அங்கே நிறுத்தினேன். கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு அம்மா கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனேன். இன்றைக்கும் அப்படித்தான் போகிறேன். மாமனார் அதே ஜன்னலோரம்தான் இருக்கிறார்.

அந்த மழை ஊர்ப் படத்துக்கு, அப்பா மகள் படத்துக்கு, அன்றைக்கு நான்கு கை போட்ட மார்க், இருபதுக்கு,

பதினான்கு.